தண்ணீர்க் குப்பி

ஜூலை 3, திங்கள்

டெஸ்மா மிஸ் இன்று ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். சொகுசுக் கப்பலில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். இப்போது தூத்துக்குடியில் எங்களைப் போன்றவர்களுக்குக் கப்பல் உணவகத்தில் ஒயின் பரிமாறப் பயிற்சி கொடுக்கிறார். அவருக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்பது. பதினாறு வருடம் ஓட்டல்களில் தோசையும் பிரியாணியும் பரிமாறியவனுக்கு ஒரு கிளாஸைப் பிடிக்கத் தெரியவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தினமும் ஒயினைப் பற்றிய ஓர் ஆங்கிலச் சொற்றொடரை வாக்கியத்தில் வைத்துச் சரியாக எழுத வேண்டும். மீதிப் பக்கத்தைத் தமிழில் எப்படி வேண்டுமானாலும் நிரப்பலாம். "நான் வாக்கியத்த மட்டுந்தான் பார்ப்பேன், மத்ததப் படிக்க மாட்டேன்," என்றார். பக்கம் நிரம்பாவிட்டால் மதிப்பெண் கிடையாதாம். அட்டையில் 'கஸ்பார், மாதாகுளம்' என்று எழுதியிருக்கிறேன்.

வாக்கியம்: உட் யூ கேர் ஃபார் சம் ஒயின், சார்?

விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

ஜூலை 4, செவ்வாய்

'சே வென்.' ஊற்றும்போது விருந்தினரிடம் சொல்ல வேண்டியது. போதும் என்கிறபோது சொல்லுங்கள் என்று அர்த்தம். அவரும் 'வென்' என்றே பதில் சொல்வாராம். மிஸ் விருந்தினராக உட்கார்ந்தார். பாட்டிலில் பால் விடாத தேநீர். "ப்ளீஸ் சே வென், மேடம்" என்று நான் ஊற்ற ஆரம்பித்தேன். அவர் வாயையே திறக்கவில்லை. கிளாஸ் வழிந்து, விரிப்பு நனைந்து, அவருடைய சுடிதாரிலும் சொட்டியது.

"கஸ்பார் அண்ணா, நான் சொல்லலேன்னா ஊத்திக்கிட்டே இருப்பீங்களா? உங்களுக்குக் கண்ணு இல்ல?"

உசிலம்பட்டிப் பையன் பாரிவள்ளல், "அண்ணே, கப்பலையே முக்கிருவீங்க போலயே," என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு எப்போதுமே ஆகாது.

ஜூலை 6, வியாழன்

துணி துவைத்தேன். வெள்ளைச் சட்டையில் தேநீர்க் கறை போகவில்லை. வாக்கியம்: ஜஸ்ட் எ ஸ்ப்ளாஷ், ப்ளீஸ். 'கொஞ்சூண்டு போதும்' என்பதற்கு.

ஜூலை 7, வெள்ளி

'லெட் இட் ப்ரீத்.' பாட்டிலைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விடுவது. ஒயின் மூச்சு விடுமா என்று பாரி கேட்டான். எனக்கு இந்த வகுப்பில் தெரிந்த விஷயம் ஒன்றாவது வந்ததே என்று கையைத் தூக்கினேன். பூசைக்கு வைக்கும் திராட்சை ரசம் பற்றி எனக்குத் தெரியும், எங்கள் ஊர்க் கோவிலை நடத்தும் பங்குப் பேரவைக்கு நான் செயலாளராக இருந்தவன் என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊர்க் கோவில்பிள்ளை ஒருவர் ரசத்தைக் குடித்துவிட்டு அளவு குறையாமலிருக்கத் தண்ணீர் கலந்தார், நாங்கள் பிடித்து வெளியே அனுப்பினோம் என்று சொல்லிவைத்தேன். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, மணி அடிப்பது, கோவிலைப் பூட்டுவதெல்லாம் கோவில்பிள்ளையின் வேலை என்று பாரிக்கு விளக்கவும் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து அல்ல.

அந்தக் கோவில்பிள்ளை என் அக்கா பிரகாசியின் வீட்டுக்காரர் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடமும் அதுவல்ல.

வாக்கியம்: ஷால் ஐ லெட் இட் ப்ரீத் ஃபார் எ வைல், சார்?

ஜூலை 9, ஞாயிறு

ஜெசிந்தா போன் செய்தாள். பிள்ளைகள் நலம். பங்குச் சாமியாரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கிவிட்டேனா என்று கேட்டாள். வருகிற 25ஆம் தேதிக்குள் அதைக் கொடுத்தால்தான் கப்பல் ஏஜெண்டு என் விண்ணப்பத்தை மேலே அனுப்புவார். ஆகஸ்ட் 10 கப்பல் ஏற வேண்டும், ஒன்பது மாதம்.

பேச்சோடு பேச்சாக, அக்கா மகள் ஜெனோவா நாகர்கோவிலில் ஏதோ துணிக்கடையில் நிற்பதாக யாரோ பார்த்துச் சொன்னார்கள் என்றாள். ஜெனோவாவுக்கு இருபத்தேழு இருக்கும். அந்த வருடம் உவரியிலிருந்து பேசி முடித்த சம்பந்தம், 'பூசை ரசத்தக் குடிச்சவன் வீட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்' என்று விலகிப் போனது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஊர்க் கூட்டத்தில் கேட்டார்கள், கண்டதைச் சொன்னேன்.

அக்கா என்னோடு பேசி ஆறு வருடம் ஆகப்போகிறது.

ஜூலை 12, புதன்

மிஸ் இன்று உண்மையான ஒயின் கொண்டுவந்தார். ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டிய இரண்டு பாட்டில்கள். ஒன்று காலையில் திறந்தது. மற்றது மூன்று வாரத்துக்கு முன் திறந்து, அவர் வீட்டு அடுக்களை அலமாரியில் மூடியும் மூடாமலும் வைத்திருந்தது. இரண்டு கிளாஸில் ஊற்றினார். முதலாவது நாவல்பழச் சாறு போல இருந்தது. இரண்டாவது ஓரமெல்லாம் செங்கல் நிறம்.

பாரி பழையதை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "மிஸ், இதுல பாதி தண்ணி!"

"ஒரு சொட்டு கலக்கல. திறந்து வச்சு காத்துப் பட்டா, அதுவும் நம்ம ஊரு வெக்கைல, இப்படித்தான் ஆகும். நிறம் வெளுக்கும், ருசி செத்துரும், புளிச்சுப் போயிரும். 'திஸ் ஒயின் ஹாஸ் டர்ன்ட்.' எழுதிக்குங்க."

நானும் ஒரு வாய் குடித்தேன்.

இந்த ருசி எனக்குத் தெரியும். கோவிலில் பூசை உடுப்புகள் வைத்திருக்கும் அறையில், அன்று பழைய சாமியார் பேரவைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொடுத்த ருசி. தண்ணீர் கலந்திருக்கிறது என்று எட்டுப் பேரும் சொன்னோம். அந்த வருடம்தான் அவர் சிறிய பாட்டில்களை விட்டுவிட்டு ஐந்து லிட்டர் கேனாக வாங்கியிருந்தார். அது மாசக் கணக்கில் அலமாரியில் இருந்தது.

வாக்கியம் எழுதினேன். எழுத்து கோணிப்போய்விட்டது.

ஜூலை 13, வியாழன்

ஆக, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் எட்டுப் பேருக்கும் ஒயினின் குணம் தெரியாது, அவ்வளவுதான்.

ஜூலை 14, வெள்ளி

மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன். ஐந்து லிட்டர் கேனைத் திறந்து தினமும் கொஞ்சமாக எடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? "நம்ம ஊர்லயா? ரெண்டு வாரமே ஜாஸ்தி அண்ணா," என்றார். எதற்குக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல பெண்.

ஏனோ சப்பரத்து ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. சவேரியார் திருவிழாவில் சப்பரம் தூக்க எங்கள் குடும்பத்துக்கு ஒரு தோள் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு முந்தின வருடம் நான் கொஞ்சம் குடித்திருந்தேன், கொஞ்சம்தான். தோளைக் கொடுத்துவிட்டேன். அத்தான் கூட்டத்துக்குள் வந்து, கம்பை என் தோளிலிருந்து எடுத்து வேறொருவன் தோளில் வைத்தார். "இன்னைக்கு வேண்டாம் மாப்ள, வீட்டுக்குப் போ," என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் ஊரே பார்த்தது. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கம் நிரம்ப வேண்டுமே என்று எழுதினேன்.

வாக்கியம்: ஐ ஆம் அஃப்ரெய்ட் இட் இஸ் பாஸ்ட் இட்ஸ் பெஸ்ட், சார்.

ஜூலை 16, ஞாயிறு

வள்ளியூர் போனேன். மிக்கேல்பிச்சை அத்தான் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். மண்டபத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. தலை நிறைய நரைத்துவிட்டது.

அத்தான்தான் மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "வாங்க மாப்ள, இருங்க." முன்பெல்லாம் என்னை 'வா, போ' என்றுதான் பேசுவார்.

நான் ஒயினைப் பற்றி விளக்கினேன். காற்று, சூடு, நிறம் மாறுவது, இரண்டு கிளாஸ் எல்லாம் சொன்னேன். மிஸ் சொன்ன ஆங்கிலத்தைக்கூடச் சொன்னேன். நீங்கள் கலக்கவில்லை, ரசம் தானாகவே கெட்டிருக்கிறது என்றேன். ஏதோ பெரிய பரிசு கொண்டுபோய்க் கொடுப்பவன் மாதிரி.

அவர் முழுவதும் கேட்டார். "அது தெரியும் மாப்ள," என்றார்.

"தெரியுமா?"

"இருவத்திரண்டு வருசம் கையில எடுத்து வச்சவனுக்குத் தெரியாமப் போவுமா? நம்ம ஊருக்கு அஞ்சு லிட்டர் மூணு மாசம் ஓடும், கேன் வேண்டாம் ஃபாதர், புளிச்சிரும்னு ரெண்டு தடவ சொன்னேன். வாங்குனது அவரு. எப்படிக் கேப்பாரு?"

"கூட்டத்துல அதச் சொல்லிருக்கலாம்லா அத்தான்?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க கண்டேன்னு சொல்லிட்டீங்க. சொந்த மச்சினனே கண்டேன்னா, அதுக்கு மேல எம் பேச்சு எடுபடுமா?" பிறகு அவரே கேட்டார். "நானும் இத்தன வருசமா யோசிக்கேன். நீங்க என்னத்தக் கண்டீங்க மாப்ள?"

"நீங்க தண்ணி ஊத்துனதக் கண்டேன்."

"எதுல?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மூன்றரைக்கு விட்டால் வேறு வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கோவிலுக்குப் போனீர்களா என்று கேட்டதற்கு, "வெளிய மரத்தடில நின்னு பூச பாத்துட்டு வந்துருவேன். உள்ள போனா யாராவது நம்ம ஊர்க்காரன் இருப்பான்," என்றார்.

ஐந்து மணிக்கும் ஒரு வண்டி உண்டு.

ஜூலை 18, செவ்வாய்

கப்பல் கம்பெனி நேர்காணல், கணினித் திரையில். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் விருந்தினராக நடித்தார். இந்த ஒயின் நன்றாக இல்லை என்று முகத்தைச் சுளித்தார். மிஸ் இதற்கு ஒரு விதி சொல்லித் தந்திருக்கிறார். யார் திறந்தது, யார் வைத்தது என்று பேசக்கூடாது. நான் இல்லை என்று சொல்லவே கூடாது. முதலில் மன்னிப்பு, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது.

ஐ ஆம் ஸோ சாரி, சார். திஸ் பாட்டில் ஹாஸ் டர்ன்ட். ஐ வில் பிரிங் யூ அனதர் ஒன் ரைட் அவே.

தடங்கல் இல்லாமல் வந்தது. தேர்வாகிவிட்டேன். "மனசார மன்னிப்புக் கேட்ட மாதிரியே இருந்துச்சு அண்ணா," என்று மிஸ் கைகொடுத்தார். பாரி லட்டு வாங்கி வந்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம், நான் செய்யாத தப்புக்கு, தெரியாத பாஷையில் எவ்வளவு அழகாக மன்னிப்புக் கேட்கிறேன்!

ஜூலை 20, வியாழன்

மாதாகுளம் போனேன். இப்போது அங்கே பங்குச் சாமியார் ஜெரோம் ஃபாதர். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, பழைய கதை கேள்விப்பட்டிருக்கிறார். சான்று கேட்டேன். கூடவே நான் எழுதிக்கொண்டு போன கடிதத்தையும் கொடுத்தேன். மிக்கேல்பிச்சை குற்றமற்றவர், ரசம் தானாகவே கெட்டது, இதைப் பூசையில் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஒயினப் பத்தி ஒரு பக்கம் இருக்கு கஸ்பார். உங்க அத்தானப் பத்தி நாலு வரி இருக்கு. உங்களப் பத்தி ஒண்ணுமே இல்லியே?"

"எனக்குத் தெரியாது ஃபாதர், அப்போ ஒயினப் பத்தி..."

"அது சரி. அது தானாக் கெட்டுச்சு, யாரும் தண்ணி கலக்கல. அப்போ கலக்குனத நீங்க எப்படிக் கண்டீங்க?"

நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சான்று இப்பவே வேணும்னாலும் தாரேன். அச்சடிச்ச தாள்தான், பேர எழுதுனாப் போதும். 'நன்னடத்தை உடையவர்'னு அதுலயே இருக்கு," என்று இழுப்பறையைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பேருந்தில் உட்கார்ந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.

ஜூலை 22, சனி

வகுப்பு முடிந்துவிட்டது, வாக்கியம் எழுத வேண்டியதில்லை. பக்கம் நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

பூசைக்குத் தட்டில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் வைப்பார்கள். ஒன்றில் ரசம், ஒன்றில் தண்ணீர். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். மாறிப்போகாமலிருக்க எங்கள் கோவிலில் ரசக் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த வழக்கம்தான். பத்து வயதில் பூசைக்கு உதவிய காலத்தில் நானே அந்த நூலை மாற்றிக் கட்டியிருக்கிறேன்.

அன்று காலை ஐந்தரை மணிக்கு மைக் சாவி வாங்கப் போனேன். அத்தான் சன்னலோரம் நின்று செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நூல் கட்டாத குப்பியில். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் அவர் செய்கிற வேலை. ரசக் கேன் அலமாரிக்குள் பூட்டியிருந்தது, சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது.

கோவிலில் கூடிய ஊர்க் கூட்டத்தில் பழைய சாமியார், "இவரு தண்ணி ஊத்துறத யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். "நான் கண்டேன் ஃபாதர்," என்றேன். எதில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்குச் சப்பரத்துக் கம்பு ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏதாவது திட்டி, பத்து நாள் வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். கோவில் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. ஜெனோவாவை நினைக்கவே இல்லை. ஒவ்வொன்றாக நடந்துகொண்டே போனது. போதும் என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை.

நாளைப் பூசையில் வாசிக்க ஃபாதரிடம் கொடுக்கப்போகும் தாளிலும் இதையேதான் எழுதியிருக்கிறேன். ஒயினைப் பற்றி ஒரு வரி மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

ஃபாதர் வாசிக்கவில்லை. "உங்க எழுத்து எனக்குப் புரியாது, நீங்களே வாசிங்க," என்று பிரசங்கம் முடிந்ததும் மைக்கைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். கோழிக்கிறுக்கலாக எழுதுபவன் இல்லை நான். புரியும் அவருக்கு.

'அவர் ஊற்றியது தண்ணீர்க் குப்பியில்தான். அது தண்ணீர்க் குப்பி என்று எனக்கு அன்றே தெரியும்.' முன்வரிசையில் யாரோ 'ஏசுவே' என்றார்கள். பழைய பேரவைக்காரர் ஒருவர் எழுந்து வெளியே போனார். இப்போதைய கோவில்பிள்ளை குப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபாதர் சான்று கொடுத்தார். அச்சடித்த வரியை அடித்துவிட்டுக் கையால் எழுதியிருக்கிறார்: 'தன் தவறைச் சபை முன்னிலையில் ஒப்புக்கொண்டவர்.' ஏஜெண்டு இதை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டேன். "வேற எதுலயும் என்னால மனசாரக் கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

ஜூலை 24, திங்கள்

அத்தானுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். தாளில் இருந்ததை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

"கேன் இன்னும் வாங்குதாங்களா மாப்ள?"

"தெரியல அத்தான்."

"சின்னப் பாட்டிலா வாங்கச் சொல்லுங்க. கெட்ட ரசத்துல பூச செல்லாது."

நீங்கள் திரும்பி வர வேண்டும், நான் ஃபாதரிடம் பேசுகிறேன் என்றேன். "வேண்டாம். இப்ப இருக்கவரும் புள்ளகுட்டிக்காரருதான? என்னய உள்ள கூட்டிட்டு வரணும்னு அவர வெளிய அனுப்புவீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. என்னிடம் அல்ல, அவரிடம். "எத்தன பேரு இருந்தாங்களாம், கேளுங்க."

அத்தான் கேட்காமலே நான் சொன்னேன். காலைப் பூசை, நாற்பது பேர் இருக்கும்.

"அன்னைக்குக் கொடியேத்தம்," என்றாள் அக்கா. "நானும் எம் மவளும் முன்னால உக்காந்திருந்தோம். ஊரே இருந்துச்சு."

போன் வைக்கப்பட்டது.

ஜூலை 25, செவ்வாய்

சவேரியார் திருவிழாக் கொடியேற்றம் நவம்பர் 24. வெளியூரில் பிழைக்கிறவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். உவரிக்காரர்களும் வருவார்கள். கப்பலில் ஏறினால் நான் ஊர் திரும்புவது மே மாதம்.

காலையில் டெஸ்மா மிஸ்ஸிடம் போய், அடுத்த கப்பலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்தேனே, ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து நேர்காணல், கிடைக்கும் என்று சொல்ல முடியாது, நாற்பது வயதைத் தாண்டினால் எடுக்கவே மாட்டார்கள் என்றார். எனக்கு டிசம்பரில் நாற்பது. தெரியும் மிஸ் என்றேன். நோட்டைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "அது உங்களோடது. வாக்கியம் எல்லாம் சரியா இருக்கு," என்றார்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். பிறகு, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். சான்றையும் தாளையும் இந்த நோட்டுக்குள்தான் மடித்து வைத்திருக்கிறேன்.

நாளை முதல் பழைய ஓட்டலுக்கே வேலைக்குப் போகிறேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. நவம்பரில் ஊரே இருக்கும்போது அந்தத் தாளை வாசிப்பேன், அப்போது தெரியட்டும்.